கைப்பேசியில் ஃபயர்ஃபாக்ஸ்: நிறையும் குறையும்

கைப்பேசியில் நான் செய்தி படிப்பது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில். நம் வயதுக்காரர்களுக்குப் பயன்படுமே என்று அதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

முதல் நிறை விளம்பரத் தடுப்பு. ஆண்ட்ராய்டு போனில் குரோமில் நீட்சிகள் சேர்க்க வழியில்லை, இதில் உண்டு. 'யூபிளாக் ஆரிஜின்' என்ற இலவச நீட்சியைச் சேர்த்தேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், "உங்கள் போனில் வைரஸ்" என்று திரையில் குதித்த விளம்பரத்தை நம்பி அழுத்தி, ஒரு மாத ஓய்வூதியத்தைப் பறிகொடுத்தார். எல்லா மோசடியையும் இந்த நீட்சி தடுத்துவிடாது. ஆனால் அப்படிப்பட்ட விளம்பரங்களில் பெரும்பகுதி கண்ணிலேயே படுவதில்லை.

இரண்டாவது, வாசிப்புப் பார்வை. அதை அழுத்தினால் பக்கத்தில் உள்ள பெட்டிகள் மறைந்து கட்டுரை மட்டும் நிற்கும். எழுத்தையும் பெரிதாக்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'லெ மோந்த்' கட்டுரைகளை இப்போது கண்ணைச் சுருக்காமல் படிக்கிறேன்.

குறைகளும் உண்டு. பல தளங்களைக் குரோமை மனதில் வைத்தே செய்கிறார்கள். ஓய்வூதியக் கணக்கு பார்க்கும் பக்கம் ஒன்றில் பொத்தானை அழுத்தினால் அசைவதில்லை. குரோமில் உடனே திறக்கிறது. பிரெஞ்சுச் செய்தியை என் மனைவிக்குத் தமிழில் காட்டவும் குரோமின் மொழிபெயர்ப்பே கைகொடுக்கிறது. எனவே இரண்டையும் வைத்திருக்கிறேன்.

எந்த உலாவியானாலும் பிளே ஸ்டோரிலிருந்தே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து வேண்டாம்.