சுருக்கம் விழுந்த முட்டை

நுழையும்முன்
வழக்கத்துக்கு மாறான தோற்றம் கொண்டவற்றை அஞ்சி ஒதுக்குவது மனித இயல்பு. ஆனால், அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது எனப் பிரித்தறிவதற்குக் கண் மட்டும் போதாது. ஒரு கோழிமுட்டையின் வழியாக அதனைக் கற்றுக்கொண்ட இளமைக்கால நிகழ்வை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எறிந்த முட்டையும் எடுத்த முட்டையும்

நான் ஏழாம் வகுப்பை முடித்திருந்த கோடைக்காலம் அது. புதுக்கோட்டைச் சீமையில் வானம் பார்த்த ஊர் எங்களுடையது. மூன்று வாரம் விஷக்காய்ச்சலில் கிடந்த என் தங்கை, அப்போதுதான் எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தாள். உடம்பு தேற முட்டை கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். நாள்தோறும் கடையில் முட்டை வாங்கும் வசதி எங்கள் வீட்டில் இல்லை. கொல்லையில் திரிந்த செவலைக்கோழி ஒன்றே அப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அது இடும் முட்டை முழுவதும் தங்கைக்கே உரியது. காலையில் பஞ்சாரத்தைத் திறந்துவிட்டு, வைக்கோற்போரின் ஓரத்தில் கொக்கரிப்புக் கேட்கும்வரை காத்திருந்து, சூடு ஆறாத முட்டையை எடுத்துவந்து அப்பத்தாவிடம் கொடுப்பது என் பொறுப்பு.

ஒருநாள் எடுத்த முட்டை என்னைத் திடுக்கிட வைத்தது. ஓட்டில் வழவழப்பே இல்லை. முதியவரின் புறங்கை போலச் சுருக்கம் சுருக்கமாக, ஒருபுறம் மேடும் மறுபுறம் பள்ளமுமாக இருந்தது. முந்தைய வாரந்தான் பக்கத்துத் தெருவில் வெள்ளைக்கழிச்சல் கண்டு கோழிகள் செத்திருந்தன. நோய்ப்பட்டுத் தேறியவளுக்கு இதைக் கொடுப்பதா? யாரையும் கேளாமல் அதைக் குப்பைக்குழியில் எறிந்துவிட்டேன்.

வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. எங்கள் கோழி முன்பு மறைவாக முட்டையிட்டு வந்த வேலியோரப் புதர் நினைவுக்கு வந்தது. சருகுகளை விலக்கிப் பார்த்தேன். பளிங்கில் கடைந்தாற்போல ஒரு முட்டை கிடந்தது. பெருமிதத்தோடு அதை எடுத்துச்சென்றேன்.

அப்பத்தாவின் சோதனை

அப்பத்தா முட்டையை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். பின்னர் வாயகன்ற பாத்திரத்தில் நீரூற்றி அதனுள் விட்டார். முட்டை அடியில் தங்காமல் மேலெழுந்து மிதந்தது.

"இது இன்னைக்கு இட்ட முட்டை இல்லையே. எங்கய்யா எடுத்த?"

நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து, அதில் முட்டையை உடைத்தார். பசுங்கறுப்பாய் ஒரு நீர் வழிந்தது. அந்நாற்றத்தில் நான் வாசலுக்கே ஓடிவிட்டேன்.

"கூமுட்டை" என்றார் அப்பத்தா. பிறகு என்னை அழைத்துக்கொண்டு குப்பைக்குழிக்குச் சென்றார். நான் எறிந்த முட்டை உடைந்து கிடந்தது. அதன் மஞ்சள்கரு சிதையாமல் குமிழ்போல நிமிர்ந்து நிற்க, சுற்றிலும் எறும்புகள் மொய்க்கத் தொடங்கியிருந்தன.

"அசிங்கமா இருக்குன்னு இதை எறிஞ்சே. அழகா இருக்குன்னு அதை எடுத்தே. ரெண்டு தடவையும் நீ ஓட்டைத்தான் பார்த்தே ராசா, முட்டையைப் பார்க்கல."

அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால், அன்றும் மறுநாளும் தங்கைக்கு முட்டை இல்லை. திண்ணையில் சாய்ந்திருந்த அவள், "இன்னைக்குக் கோழி முட்டை இடலையாண்ணே?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு முன்னால் தலைகுனிந்து நின்றது இன்றும் நினைவிருக்கிறது.

ஓடு சொல்லும் செய்தி

அப்பத்தா அனுபவத்தால் அறிந்ததன் காரணத்தை நான் பின்னாளில் படித்தறிந்தேன். ஒரு முட்டை கோழியின் உடலில் உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே செலவாகிறது. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அந்நேரத்தில் கோழி மிரண்டாலோ, அதற்கு வயது முதிர்ந்திருந்தாலோ, தீவனத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலோ ஓட்டின் அமைப்பு மாறுபடலாம். கடும் வெயிலில் கோழி வாய் திறந்து இளைக்கும்போதும் ஓடு மெலியும். நோயாலும் சுருக்கம் விழுவதுண்டு என்பதால் கோழியையும் கவனிக்க வேண்டும். கோழி நலமாக இரை பொறுக்கித் திரிகிறது, ஓட்டில் விரிசல் இல்லை என்றால், ஓட்டின் சுருக்கம் மட்டுமே முட்டையை ஒதுக்கக் காரணமாகாது.

நம்மை அச்சுறுத்தும் வேறு சில அடையாளங்களும் இத்தகையனவே. மஞ்சள்கருவின் மேல் காணும் இரத்தப்புள்ளி, முட்டை உருவாகும்போது நுண்ணிய இரத்தக்குழாய் ஒன்று உடைந்ததால் தோன்றியது. வெள்ளைக் கயிறுபோல் தென்படுவது, மஞ்சள்கருவை நடுவில் நிறுத்தும் இழை. சற்றே கலங்கிய வெண்கரு, முட்டை புதியது என்பதற்கே சான்று. மாறாக, வெண்கரு இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், துர்நாற்றம் வீசினால், ஓடு விரிந்து கசிந்திருந்தால் ஐயமின்றி எறிந்துவிட வேண்டும்.

நீர்ச்சோதனைக்கும் எல்லை உண்டு. ஓட்டிலுள்ள பல்லாயிரம் நுண்துளைகளின் வழியே ஈரம் வெளியேற, உள்ளிருக்கும் காற்றறை பெரிதாகிறது. அதனால் நாள்பட்ட முட்டை மிதக்கிறது. அச்சோதனை முட்டையின் வயதைத்தான் சொல்லும். உடைத்துப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர இயலும்.

தெரிந்து தெளிவோம்
நெடுநேரம் வேகவைத்த முட்டையில் மஞ்சள்கருவைச் சுற்றிப் பசுஞ்சாம்பல் வளையம் தோன்றும். வெண்கருவிலுள்ள கந்தகமும் மஞ்சள்கருவிலுள்ள இரும்பும் வினைபுரிவதால் அது உண்டாகிறது. அதனால் உடலுக்குத் தீங்கில்லை.

மூக்குக்கும் எட்டாதது

மூன்றாம் நாள் கோழி நல்ல முட்டையிட்டது. அதனைப் பச்சையாக உடைத்து வெதுவெதுப்பான பாலில் கலக்க அப்பத்தா முனைந்தார். அம்மா தடுத்தார்.

"நல்லா வேகவச்சுத்தான் கொடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அத்தை."

"இப்ப இட்ட முட்டை. மோந்து பாரு, ஒரு வாடை இருக்கா?"

"வாடை இல்லைதான். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கிருமி இருக்குமாமே!"

அப்பத்தா சற்றுநேரம் பேசாதிருந்தார். தம் பிள்ளைகளுக்குப் பச்சை முட்டை கொடுத்தே வளர்த்தவர் அவர். பின்னர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். அம்மா சொன்னது உண்மை. சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி, நிறமும் மணமும் மாறாத புதிய முட்டைக்குள்ளும் இருக்கக்கூடும். வெண்கருவும் மஞ்சள்கருவும் கெட்டிப்படும்வரை வேகவைத்தால் அது அழிந்துவிடும். நோயாளிகள், குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோருக்கு அரைவேக்காட்டு முட்டை ஆகாது. ஓட்டை நம்பாதே என எனக்குக் கற்பித்த அப்பத்தா, மூக்கையும் முழுதாக நம்பலாகாது என்பதை அன்று தம் மருமகளிடமிருந்து ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரம் செவலைக்கோழி மீண்டும் சுருக்கம் விழுந்த முட்டையொன்றை இட்டது. அப்பத்தா அதை வாங்காமல், "நீயே பார்த்துச் சொல்லு" என்றார். கோழி துடியாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விரிசல் இல்லை. நீரில் விட்டேன், அடியில் படுத்துக்கொண்டது. தனிக் கிண்ணத்தில் உடைத்தேன். மஞ்சள்கரு நிமிர்ந்து நின்றது. முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. அம்மா அதனைக் கல்லில் ஊற்றி, இருபுறமும் நன்றாக வேகவைத்தார்.

தங்கை ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல் உண்டாள். அன்று மாலை அப்பத்தா கிளிஞ்சலை நுணுக்கிக் கோழியின் தீவனத்தில் கலந்தார். நான் பஞ்சாரத்தை வேப்பமர நிழலுக்கு மாற்றி வைத்தேன்.