ஒயில் எங்க போனது?



பண்டத்தரிப்புச் சந்தியால போய்வாற ஆக்களுக்கு எங்கட சாம்பல் நிற மொறிஸ் மைனரைத் தெரியும். இரண்டு கிழமையா அது வீட்டு முற்றத்தில பொனற் திறந்தபடி நிண்டதையும் கனபேர் பார்த்திருப்பியள். "வித்திட்டியளோ சேர்?" எண்டு கேட்டவைக்கு இது பதில். விக்கேல்லை. ஆனா இதை எழுதுறதுக்கு முதல் காரணம் கார் இல்லை. தை மாசத்தில தேத்தண்ணிக் கடையில வைச்சு ஒரு பொடியனைப் பற்றி எங்கட வாயால ஒரு கதை வெளிக்கிட்டது. அது பிழையான கதை. அந்தக் கதை போன தூரத்துக்கு இந்தத் திருத்தமும் போக வேணும் எண்டுதான் எல்லாரும் பார்க்கிற இந்த இடத்தில எழுதுறம்.

கார் 1966ஆம் ஆண்டுடையது, 1098 சிசி இஞ்சின். 1990 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாணத்தை விட்டு எங்கட ஆக்களை வெளியேற்றின பிறகு, புத்தளத்தில கன வருஷம் இருந்து, யுத்தம் முடிஞ்சு திரும்பி வந்து வாப்பா வாங்கின முதல் வாகனம். இப்ப அவருக்கு மாசத்தில இரண்டு தரம் பெரியாஸ்பத்திரியில கிளினிக். ஓட்டோவில இருந்து போக முதுகு விடாது. 2020 பங்குனியில வாகன இறக்குமதி நிண்டதுக்குப் பிறகு பழைய கார்களின்ர விலை ஏறினதைச் சொல்லத் தேவையில்லை. இந்த இஞ்சின் செத்தா எங்களுக்கு வேற கார் இல்லை.

தை மாசம் ஒரு கராச்சில ஒயில் மாத்தினம். 20டபிள்யூ-50 நாலு லீற்றர் கான் ஒண்டை நாங்களே வாங்கிக் குடுத்திட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டம். இந்த இஞ்சினுக்கு பில்ரரோட சேர்த்து நாலு லீற்றருக்குக் கொஞ்சம் குறையத்தான் பிடிக்கும். பின்னேரம் போய்க் காரை எடுத்தம். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கேல்லை, அது எங்கட பிழை. இரண்டு கிழமை கழிச்சுப் பார்த்தா ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ. நிலத்தில பெரிய ஒழுக்கும் இல்லை. லீற்றர் இரண்டாயிரத்துக்கு மேல விக்கிற காலம், மனம் எங்க போகும்? "அந்தப் பொடியன் ஒரு லீற்றரைச் சுத்தியிட்டான் போல" எண்டு கடையில சொன்னம். கேட்டது இரண்டு பேர்தான். நாலாம் நாள் கராச் முதலாளி அந்தத் தம்பியைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்கிறார். ஐஞ்சாம் நாள் தம்பி வேலைக்கு வரேல்லை.

பிறகு ஒயில் வாங்கி, எங்கட கையாலயே விட்டு, மேல்கோடு மட்டும் வந்ததைக் கண்ணால பார்த்தம். முந்நூறு கிலோமீற்றர்கூட ஓடேல்லை, திரும்பவும் கீழ. வாப்பா டிப்ஸ்டிக்கைத் துணியில துடைச்சுக்கொண்டு, "இப்ப ஆரைக் கள்ளன் எண்டு சொல்லப் போறியள்?" எண்டு கேட்டவர். கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, "சந்தேகத்தில ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடச் சொன்னவை எங்களை. மறந்து போச்சோ?" எண்டவர். அண்டைக்கு அஸர் தொழுகையில மனம் நிக்கேல்லை.

வேற ஒரு கராச்சில காட்டினம். பின்னால நீலப்புகை வாறதைக் கண்டவுடன "ரிங் முடிஞ்சுது, இஞ்சினை இறக்க வேணும், இரண்டரை இலட்சம் வரும்" எண்டினம். நீலப்புகை எண்டா ஒயில் எரியுது, அதில பிழையில்லை. அது எந்த வழியால உள்ளுக்குப் போய் எரியுது எண்டதைத்தான் ஒருத்தரும் பார்க்கேல்லை.

இளவாலைப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் அண்ணை இருக்கிறார். ஏ40, மைனர் எல்லாம் அவருக்குக் கைமருந்து மாதிரி. வந்தவுடன சாவியைக் கேட்கேல்லை. டிப்ஸ்டிக்கை இழுத்து மூக்கடியில பிடிச்சு மணந்து பார்த்தார். "மாஸ்ரர், ஒயில் குறைஞ்சா எங்க போகுது எண்டு தேடலாம். கூடினாத்தான் பயப்பிட வேணும்" எண்டார். தொண்ணூறுகளில பெற்றோல் இஞ்ச வராது. காபரேற்றருக்குள்ள நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடின கார்கள். முழுக்க எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டிக் கீழ சம்புக்குள்ள இறங்கும். டிப்ஸ்டிக்கில அளவு ஏறும். பார்க்கிறவன் ஒயில் காணும் எண்டு நினைப்பான், உள்ளுக்கு இருக்கிறது தண்ணி மாதிரி. அப்பிடித்தான் எத்தினையோ நல்ல இஞ்சின் பெயறிங் தேய்ஞ்சு போனது எண்டார். அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா, தான் அந்தக் காலத்தில இஞ்ச இல்லை எண்டதை மட்டும் சொன்னவர்.

அண்ணை பிறகு நாலு பிளக்கையும் கழட்டி, அமுக்கம் பார்க்கிற மீற்றரை ஒவ்வொரு துளையிலயும் வைச்சார். நாலும் 130 இறாத்தலுக்கும் 140க்கும் இடையில. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தார். ரிங் தேய்ஞ்சிருந்தா அந்த ஒயில் இடைவெளியை அடைச்சு மீற்றர் நல்லா ஏற வேணும். பெரிசா ஏறேல்லை. "ரிங் இருக்கு" எண்டு ஒரு சொல். இரண்டரை இலட்சம் அந்த ஒரு சொல்லில கரைஞ்சு போனது.

அடுத்தது எயர் கிளீனர். கழட்டினா உள்ளுக்கு ஒயில் சொட்டுது. காத்துப் போற இடத்தில ஒயிலுக்கு என்ன வேலை?

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமுக்கம் படிப்பிக்கிற நாங்கள் இதை முதலே யோசிச்சிருக்க வேணும். எவ்வளவு நல்ல ரிங் எண்டாலும் எரிஞ்ச வாயுவில கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழ இறங்கும். அதுக்கு வெளியேற ஒரு வழி வேணும். இந்த இஞ்சினில பக்கவாட்டு மூடியில இருந்து ஒரு குழாய் கீழ்நோக்கி நிலத்தைப் பார்த்து இறங்குது. மேல ரொக்கர் மூடியில இருந்து ஒரு றப்பர் குழாய் எயர் கிளீனருக்குப் போகுது. கீழ்க்குழாய் அடைபட்டா வாயு முழுக்க மேலால வரும், வரக்க ஒயிலையும் தூக்கிக்கொண்டு வரும், அதைக் காபரேற்றர் உறிஞ்சும். அதுதான் நீலப்புகை. மிச்ச அமுக்கம் பலவீனமான கஸ்கட் எல்லாத்தாலயும் ஒயிலைத் தள்ளும். ஓடக்கதான் தள்ளும், நிண்டா நிக்கும். அதாலதான் முற்றத்தில அடையாளம் குறைவு, ஒயில் எல்லாம் றோட்டில.

அண்ணை கீழ படுத்து அந்தக் குழாய்க்குள்ள கம்பி ஒண்டை விட்டார். பொலபொலவெண்டு காய்ஞ்ச மண் கொட்டினது. குளவிக் கூடு. 2022இல பெற்றோல் இல்லாமல் ஐஞ்சு மாசம் கார் கொட்டிலுக்குள்ளயே நிண்டது, கியூஆர் வந்த பிறகும் கிழமைக்கு இருபது லீற்றரைப் பொத்திப் பொத்தித்தான் ஓடினம். அந்தக் காலத்தில ஒரு குளவி வந்து குடியிருந்திருக்கு. கூட்டுக்கு மேல பழைய ஒயில் கசண்டு தார் மாதிரி இறுகிப் போய்க் கிடந்தது. மண்ணெண்ணெயில ஊறவைச்சுக் கழுவ அரைநாள் எடுத்தது.

பிறகு இஞ்சினை முழுக்கக் கழுவித் துடைச்சு, வீட்டில இருந்த முகப்பவுடரைச் சுத்திவரத் தூவிப்போட்டு மாதகல் மட்டும் ஓடி வந்தம். உம்மாவுக்கு அந்தப் பவுடர் கவலை இன்னும் போகேல்லை. பவுடர் நனைஞ்ச இடம்தான் ஒழுக்கு. மனிபோல்டுக்குக் கீழ இருக்கிற இரண்டு பக்க மூடியில ஒண்டு நல்லா நனைஞ்சு கிடந்தது. இந்த மூடிக்கு நடுவில ஒரே ஒரு ஆணிதான். ஒழுகுது எண்டு அதை இறுக்க இறுக்க தகரம் வளைஞ்சு ஓரம் தூக்கும், ஒழுக்குக் கூடும். அதை அப்பிடி இறுக்கினது ஆரெண்டு அண்ணை கேட்டவர். போன வருஷம் நாங்கள்தான். மூடியைத் தட்டி நேராக்கி, தக்கைத் தாளில புது கஸ்கட் வெட்டிப் போட்டார். ரொக்கர் மூடிக்கும் புதுசு.

பின்பக்கம் கிளச் வீட்டுக்குக் கீழ ஒரு சின்னத் துளையால சொட்டுறது மட்டும் நிக்காது. இந்த இஞ்சினுக்குப் பின்னால றப்பர் சீல் எண்டு ஒண்டு இல்லை. தண்டில வெட்டின சுருள் மரை சுழலக்க ஒயிலை உள்ளுக்குத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். நிண்டா இரண்டு மூண்டு துளி விழும். அதுக்கு இஞ்சினை இறக்கச் சொல்லி ஆரும் சொன்னா, கீழ ஒரு காட்போட் மட்டையைப் போட்டிட்டு வீட்டை போங்கோ.

எல்லாத்துக்கும் கூலியோட பதினாலாயிரம் முடிஞ்சுது. போன கிழமை வரைக்கும் நானூற்றைம்பது கிலோமீற்றர் ஓடியாச்சு. இரண்டு தரம் கிளினிக், ஒரு தரம் ஐந்துசந்தியில கலியாண வீடு. ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில நிக்குது. புகை இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வாப்பாவையும் ஏத்திக்கொண்டு அந்தத் தம்பியின்ர வீட்டை போனம். அவர் இப்ப பெயின்ற் வேலைக்குப் போறாராம். தாய் எங்களைக் கண்டவுடன கதவடியிலயே நிண்டிட்டார். வாப்பாதான் முதல் கதைச்சவர். நாங்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னம், கடையில சொன்ன அதே இரண்டு பேரிட்டயும் முதல் நாளே போய்ச் சொல்லியிட்டு வந்ததையும் சொன்னம். கராச் முதலாளியிட்டயும் போனம். தம்பி கனநேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, "சேர், நான் கானைக் கவிட்டு வைச்சுக் கடைசிச் சொட்டு மட்டும் விட்டனான். வெறும் கானை டிக்கியில வைச்சனே, பார்க்கேல்லையோ?" எண்டார். கான் டிக்கியிலதான் இவ்வளவு நாளும் கிடந்தது. அதில நாங்கள் தண்ணி கொண்டு போனனாங்கள்.

தாய் தேத்தண்ணி தந்தவர். வெளிக்கிடக்க காரை ஸ்ராட் பண்ண, தம்பி படலையடியில நிண்டு தலையைச் சரிச்சுக் கேட்டார். "சேர், ஒரு ரப்பெற் சத்தம் போடுது. பன்னிரண்டு தௌ இருக்க வேணும், அது கூடிப் போச்சு போல." ஞாயிற்றுக்கிழமை காலமை வந்து பார்க்கிறன் எண்டிருக்கிறார்.