ஏரிக்கரைக் கள்ளி

தாம்பரத்துக்குத் தெற்கே பீர்க்கன்கரணை என்றதும் பீர்க்கங்காய்ப் பந்தலை எதிர்பார்த்தேன். ஏரிக்கரையில் கண்ணில் பட்டதோ சப்பாத்திக்கள்ளி! முள்தானே என்று ஒதுக்காதீர்கள், நேயர்களே. கடல் கடந்து வந்த செடி அது. மெக்ஸிகோ தேசத்துக் கொடியில் கழுகு வீற்றிருப்பது இந்தக் கள்ளியின் இனத்தின் மீதுதான்.

நாடோடிகளாய்த் திரிந்த மெஷிகா மக்கள், கள்ளிமேல் கழுகு அமர்ந்த இடமே தங்கள் இடம் என்ற தெய்வ வாக்கை நம்பி, 1325-ல் ஏரி நடுவே தெனோச்தித்லான் நகரை அமைத்தார்களாம். 1519-ல் வந்த ஸ்பானியன் கோர்த்தேஸ், அவர்களுடைய பகைவரையே துணை சேர்த்து 1521-ல் அந்நகரை அழித்தான். (இந்த உபாயம் நமக்குப் புதிதா என்ன!) வாள் விட்டு வைத்தவர்களை வைசூரி கொண்டு போயிற்று.

கள்ளியில் வாழும் சிறு பூச்சியை உலர்த்தி அம்மக்கள் செஞ்சாயம் எடுத்தனர். ஸ்பானியர் அங்கிருந்து ஏற்றிச் சென்ற சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு அதற்குத்தான். அதில் நாக்கு ஊறிய கும்பினியாருக்காக டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் நமது சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேஸிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் மட்டமான ஜாதி! கள்ளியைத் தின்றதுதான் மிச்சம். நல்ல பூச்சி காட்டில் கிடைப்பதன்று; மெக்ஸிகோக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வளர்த்தது.

அந்தக் குடியானவர்களை 1810-ல் இதால்கோ என்னும் பாதிரியார் மாதா கோயில் மணி அடித்துத் திரட்டினார். மறு வருஷமே அவரைக் கொன்றார்கள். 1821-ல் தேசம் விடுதலை பெற்றது, கள்ளி கொடியேறியது.

ஏரிக்கரையில் ஒரு சிறுவன் கள்ளிப்பழத்தைத் தரையில் தேய்த்து முள் நீக்கித் தின்றான். நாக்கை நீட்டிக் காட்டினான், செக்கச்செவேல் என்றிருந்தது.