அந்த மனுஷன் என்ன ஆனான்?

காலம் தாண்டிப் போய்க் காதலிக்கும் கதைகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. ஆனாலும் டயானா கேபல்டன் 1991-இல் எழுதிய 'அவுட்லேண்டர்' நாவலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் நர்ஸாக இருந்த கிளேர், ஸ்காட்லாந்தில் ஒரு கல்வட்டத்தின் வழியே 1743-ஆம் வருஷத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே ஜேமி என்ற வாலிபனை மணக்கிறாள். கதையைச் சொல்பவள் அவளே. ஆகவே, அவள் போன பிறகு இங்கே தவிக்கும் கணவன் பிராங்கை நாம் பார்ப்பதில்லை. நானும் அவனைச் சௌகரியமாக மறந்து போனேன்.

2014-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் மறக்க விடவில்லை. எட்டாம் பகுதியில் காமிரா பிராங்கின் பக்கம் திரும்புகிறது. தேடி அலுத்தவன், கடைசியில் அந்தக் கற்களின் நடுவே நின்று அவள் பெயரைக் கூவி அழுகிறான்.

எனக்குச் சுரீரென்றது. என் முதல் நாவலின் நாயகியும் புருஷனை விட்டுப் போனவள்தான். கதையும் அவள் வாய்மொழிதான். அதைப் படித்துவிட்டு அம்மா கேட்டாள்: "அன்னிக்கு ராத்திரி அந்த மனுஷன் என்னடா சாப்பிட்டான்?"

அம்மாவுக்கு எப்போதும் சாப்பாட்டு நினைப்புத்தான் என்று சிரித்தேன். இன்று அதற்குப் பதில் எழுதலாம் போலிருக்கிறது. படிக்கத்தான் அம்மா இல்லை.