எண்ணும் ஓசையும்

இறுவட்டு 1982இன் இறுதியில் யப்பானிலும் 1983இல் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய சொனி, பிலிப்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் தத்தம் கருவிகளை வெளியிட்டன. ஒரே இறுவட்டினை அவ்விரு கருவிகளிலும் இட்டுக் கேட்டோருட் சிலர், ஓசை ஒன்றாக இல்லை என்றனர். இது முரணாகவே தோன்றும். இறுவட்டில் இருப்பவை எண்கள். ஒரு செக்கனுக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 இரும இலக்கங்களால் ஆனது, 65,536 படிநிலைகளுள் ஒன்றைக் குறிப்பது. இசைத்தட்டின் பள்ளம் ஊசியால் தேய்வது போல எண் தேய்வதில்லை. எண் ஒன்றாயின் ஓசை எங்ஙனம் வேறாகும்?

எண்ணை எவரும் கேட்பதில்லை என்பதே விடை. அது மின்னழுத்தமாக மாறி, ஒலிபெருக்கியை அசைத்த பின்னரே ஓசையாகும். சொனியின் முதற்கருவி ஒரேயொரு மாற்றியை வலம், இடம் இரண்டுக்கும் மாறி மாறிப் பயன்படுத்தியது. அதனால் ஒரு பக்கம் மற்றதற்கு ஏறத்தாழ 11 மைக்ரோசெக்கன் பிந்தியது. பிலிப்சோ 14 இரும இலக்க மாற்றிகளையே கொண்டு, எண்களின் வேகத்தை நான்கு மடங்காக்கி அக்குறையை ஈடுசெய்தது. எண்களை வெளிவிடும் கடிகாரம் சிறிது தடுமாறினாலும் அலையின் வடிவம் பிறழும். ஒரே சுரக்குறிப்பை இருவர் வாசிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். ஆயின் வாசிப்போர் வேண்டுமென்றே வேறுபடுவர், கருவிகளோ வேறுபடாதிருக்கவே முயல்கின்றன.

இவ்வளவில் நின்றிருந்தால் நன்று. ஆயின் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், இறுவட்டின் விளிம்பிற் பச்சை மை பூசினால் இசை தெளியும் என்றொரு நம்பிக்கை பரவிற்று. அதற்கெனப் பேனாக்களும் விற்கப்பட்டன. இன்று, ஒரு கோப்பினை ஒரு வன்தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி செய்தால் ஓசை மங்குகிறது என்போரும் உளர். இவை வேறு வகையின. கருவி, தான் வாசித்த எண்களை முதலில் நினைவகத்திற் சேர்த்து, பிழை திருத்தி, பின்னர்த் தன் படிகக் கடிகாரத்தின் ஒழுங்கிலேயே வெளிவிடுகிறது. பச்சை மை அவ்வொழுங்கைத் தொடுவதில்லை.

எனினும் வேறுபாடு கேட்டதென்பவரைப் பொய்யர் எனல் அநீதி. அவர் கேட்டது மெய், காரணம் வேறு. மிகச் சிறிதளவு உரத்த ஒலி, தரமான ஒலியாகத் தோன்றும். இரண்டாம் முறை கேட்கையில் முதன்முறை தவறிய நுணுக்கம் புலப்படும். ஆகவேதான் உரப்பைச் சமப்படுத்தி, எது எதுவென மறைத்து, பலமுறை கேட்கச் செய்கின்றனர். 16 தடவைகளில் 12 தடவையேனும் சரியாகச் சொல்வது வெறும் ஊகத்தால் நிகழும் வாய்ப்பு 100க்கு 4இலும் குறைவு. இச்சோதனையை மறுப்போர், பதற்றம் செவியை மழுக்கும் என்பர். அது முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயின், தம் இல்லத்தில், தாம் விரும்பிய அளவு நேரமெடுத்து, பெயரை மட்டும் மறைத்துக் கேட்கவும் அவருட் சிலர் இசைவதில்லை.