சகன் சோறும் உப்புத் தண்ணீரும்

காயல்பட்டினம்,
வெள்ளி மதியம்

அன்புள்ள நண்பா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

முந்தாநாள் கல்யாண வீட்டில் களரிச் சாப்பாடு. நெய்ச்சோறு, கறி, கத்திரிக்காய் மாங்காய். ஒரே சகன் தட்டில் சேர்ந்து கைபோட்டுச் சாப்பிட வேண்டும். எதிரே ஒரு பெரியவர். என் பக்கத்துச் சோற்றில் ஒரு குழி விழுந்தால் போதும், எலும்பில்லாத துண்டாகப் பார்த்து அதற்குள் தள்ளிவிடுவார். “போதும் காக்கா” என்றேன். “என்ன போதும்? கறி கெடக்குதே” என்று இன்னொன்று தள்ளினார். நம் ஊரில் இலையை மடித்தால் தப்பித்துவிடலாம். சகனை எப்படி மடிப்பது? கறியின் நெய்யை மாங்காய்ப் புளிப்பு அறுத்துக்கொண்டே இருந்ததால் வயிறும் காட்டிக்கொடுக்கவில்லை. இரவு பத்தரைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. விடிவதற்குள் பதினொரு தடவை. சமையலைக் குறை சொல்ல மாட்டேன், பேராசை என்னுடையது.

காலையில் நான் தங்கியிருக்கும் வீட்டு உம்மா ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் செம்பில் கரைத்து வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை கதவருகிலேயே நின்றார். உப்பும் இல்லாமல் தித்திப்பும் இல்லாமல் கண்ணீரின் ருசி. பொட்டலத்தைத் திருப்பிப் படித்தேன். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உடனே யார் ஞாபகம் வந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆறு மாதமாக நான் உன்னிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த அயர்லாந்து டாக்டர்தான், ஓஷாக்னசி.

லிமெரிக்கில் பிறந்த மனுஷன். 1831ல் சண்டர்லாந்தில் காலரா வந்தபோது, இருபதுகளின் தொடக்கத்திலேயே, நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, தண்ணீரும் உப்பும்தான் போய்விட்டன, அவற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார். மறு வருஷம் தாமஸ் லாட்டா அதை நரம்பில் ஏற்றியும் காட்டினார். பிறகு எல்லோரும் மறந்தே போனார்கள். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் உப்பை உறிஞ்சிக்கொள்ளும் என்று தெரியவும், ஊசி போய்ச் செம்பு வரவும், 1960கள் ஆயிற்று. நடுவே எத்தனை லட்சம் பேர் போனார்களோ!

அவருக்கு லண்டனில் தொழில் செய்ய உரிமம் கிடைக்கவில்லை. 1833ல் கம்பெனி வேலையில் கல்கத்தா வந்தார். அங்கே மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தார். கஞ்சாவை மருந்தாக ஆராய்ந்து எழுதினார், நம் நாட்டு மூலிகைகளுக்கெல்லாம் தடித்த நூல் ஒன்று போட்டார். அப்புறம் திடீரென்று தந்திக் கம்பியில் இறங்கி, கல்கத்தாவிலிருந்து மதராஸ் வரை இழுத்துவிட்டார். 1856ல் கிடைத்த சர் பட்டமும் கம்பிக்குத்தான், உப்புக்கு இல்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. நீ கேட்பாய், அவருக்கே ஆறியிருந்தால் உனக்கென்ன என்று. கேள்.

வரும்போது ஆறுமுகநேரிப் பக்கம் பஸ் ஜன்னலில் உப்பளம் பார்த்தேன். பாத்தி பாத்தியாகக் கண் கூசும் வெள்ளை, குவியல்களின் மேல் பனையோலை. உப்புக் கூடையைத் தலையில் தூக்கி ஒரு பெண் வரப்பில் வந்தாள், ரப்பர் செருப்புக்குள் துணி சுற்றியிருந்தாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பசிதான் தோன்றியது.

இப்போது முடுக்கு வழியாக யாரோ தாளிக்கும் வாசனை வருகிறது. அந்தப் பெரியவர் விசாரிக்க ஆள் அனுப்பியிருந்தார். ஞாயிறன்று இன்னொரு களரியாம். சனிக்கிழமை ரயில் டிக்கெட்டை என்ன செய்யலாம், சொல்.

உன்,
பழைய தீனிப்பண்டாரம்