கொல்லை ஈரத்துக்கு நொச்சி

ஜூலை 14

கிணற்றடித் தண்ணீர் போய்ச் சேரும் கொல்லை மூலை ஆனி வெயிலிலும் காயவில்லை. "ரப்பிஷ் கொட்டி மேலே சிமெண்ட் பூசிடலாம் சார்" என்கிறார் கொத்தனார். ஆலைகளும் மனைகளும் பெருகிய கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எத்தனையோ பள்ளங்கள் இப்படித்தான் மேடாகிவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையைப் பார்த்த பிறகும் தண்ணீர் இறங்கும் இடத்தை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே நொச்சி வைக்கப் போகிறேன். ஆற்றோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தானே வளரும் நம் மண்ணின் புதர் அது.

ஆகஸ்ட் 3

எதிர்வீட்டு அக்கா, "வாவிலிதானே? எங்க வேலியிலயே வெட்டிக்கோ தம்பி" என்றார். அவர் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. விரல் தடிமனில் முற்றிய கிளைகளாகப் பார்த்து முழ நீளத்துக்கு நறுக்கினேன். இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றினேன். பள்ளத்தின் நடுவில் ஊன்றவில்லை. ஓரமாக வரப்பு போலக் கொஞ்சம் மண் அணைத்து அதன்மேல் வைத்தேன். நொச்சிக்கு ஈரம் பிடிக்கும். ஆனால் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கினால் இளவேர் அழுகிவிடும். வரப்பில் நின்றால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும், மண்ணையும் பிடித்துக்கொள்ளும். வெயில் படும் பக்கமாகவும் இருக்க வேண்டும். நிழலில் செடி நெடுநெடுவென்று போகுமே தவிரப் பூக்காது.

செப்டம்பர் 10

துளிர்த்துவிட்டது. தெருவில் போகும் ஆடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்கின்றன. வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அக்டோபர் 28

வடகிழக்குப் பருவமழை. கூடவே கொசு. கொசுவை விரட்டும் செடி என்று சென்னை மாநகராட்சியே நொச்சிக் கன்றுகளை மக்களுக்குக் கொடுத்தது. இலையின் சாறு கொசுப்புழுவைக் கொல்லும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் செடி நின்றாலே கொசு ஓடிவிடும் என்று நம்புவது ஆபத்து. தேங்கும் தண்ணீரை வடித்தாக வேண்டும்; காய்ந்த இலையால் புகை போட வேண்டும். வரப்பை ஒட்டி வடிகால் வெட்டினேன். சளி பிடித்த மகளுக்கு அக்கா வீட்டு இலையில் ஆவி பிடித்தோம். லாரிகள் கிளப்பும் தூசி படிந்த ஊர் இது. இலையை நன்றாகக் கழுவிய பிறகுதான் பானையில் போட்டோம்.

அடுத்த ஆண்டு, ஜூலை 20

நுனிகளில் நீலமும் ஊதாவும் கலந்த பூங்கொத்துகள். தேனீக்கள் மொய்க்கின்றன. காற்றில் இலை திரும்பும்போது அடிப்புறம் வெள்ளி போல மினுங்குகிறது. கோட்டை மதிலைக் காத்து நின்ற வீரர்கள் சூடியது இந்தப் பூவைத்தான்; புறப்பொருள் வெண்பாமாலை அதற்கென ஒரு திணையே வகுத்திருக்கிறது. இத்தனை பெருமையுள்ள செடியை நர்சரியில் கேட்டால் குரோட்டன்ஸைக் காட்டுகிறார்கள்.

பூ முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அடியிலிருந்து புதிதாகக் கிளைத்து அடர்த்தியாக வரும். வெட்டும் குச்சிகளுக்கு இப்போதே ஆள் இருக்கிறது. கொத்தனார் தன் வீட்டுக் குழாயடிக்குக் கேட்டிருக்கிறார்.